அறுபது பிச்சிப்பூக் கார்டுகள்

அக்டோபர் 29

மெஷின் வந்துவிட்டது. இவரிடம் சப்பாத்தி போடும் மெஷின் என்று சொல்லியிருக்கிறேன். முழுப் பொய் இல்லை. இரண்டு உருளை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, நடுவில் எதை விட்டாலும் தட்டையாக வெளியே வரும். மாவையும் விடலாம். நான் விடப்போவதில்லை, அவ்வளவுதான்.

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மாத்திரை கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். டாரதி என்று ஞானஸ்நானப் பெயர் இருந்தும் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் எல்லோருக்கும் மருந்தம்மாதான். ஓய்வுக்குப் பின் கை சும்மா இருக்கவில்லை. பிறந்தநாள் கார்டு, கிறிஸ்துமஸ் கார்டு என்று செய்து நயினார் அண்ணாச்சியின் ஸ்டேஷனரி கடையில் வைக்கிறேன். இதுவரை கத்தரிக்கோல். இனி மெஷின். என்னென்ன செய்தேன், எது கெட்டது என்று குறித்து வைத்தால் உதவும். அதற்காக மட்டும்தான் இந்த டைரி. சொந்தக் கதை எதுவும் எழுதுவதாக இல்லை.

அக்டோபர் 31

செய்முறை. டை என்பது பிஸ்கட் வெட்டும் அச்சு மாதிரி ஒரு மெல்லிய இரும்புச் சட்டம். என்னுடையது பிச்சிப்பூங்கொத்து. அட்டையின் மேல் டையை வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே வைத்து, மெஷினில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் பூ வெட்டுப்படும். வழக்கமாக வெட்டின பூவை வெளியே எடுத்துத்தான் மை பூசுவார்கள். புது உத்தி என்னவென்றால், எடுக்கக் கூடாது. டைக்குள் இருக்கும்போதே மேலாகப் பஞ்சால் மை தேய்க்க வேண்டும். இரும்பு மறைக்கும் இடத்தில் மை படாது. டையைத் தூக்கினால் ஒவ்வோர் இதழைச் சுற்றியும் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதைத் தூக்கிக் காட்டியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

நான் செய்தபோது டையைத் தலைகீழாக வைத்துவிட்டேன். மெஷின் ஒரு தடவை முனகியது. அட்டை முழுசாக இருந்தது. தகட்டில் அழகாகப் பிச்சிப்பூ விழுந்திருந்தது.

நவம்பர் 1

சப்பாத்தி எப்போது என்று இவர் கேட்டார். மெஷின் இன்னும் பழகவில்லை என்றேன்.

நவம்பர் 4

மழை. அட்டை ஈரம் இழுத்துக்கொண்டு வெட்டுப்படாமல் நைந்துபோகிறது. மாத்திரை பாட்டிலுக்குள் போடுவார்களே, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம், அது என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அட்டைக் கட்டுக்குள் முந்தாநாளே அதில் பத்தைப் போட்டு மூடி வைத்தேன். இரண்டு நாளில் அட்டை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷ அனுபவம் வீண் போகவில்லை.

மை காயத்தான் நேரமாகிறது. கதவுத் தாழ்ப்பாள், பால் பாத்திரம், இவருடைய பனியன் எல்லாவற்றிலும் நீல விரல் தடம்.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் தானே மாவு பிசைந்து, டையையும் வைத்து, மெஷினில் விட்டுவிட்டார். பிச்சிப்பூ வடிவத்தில் நான்கு சப்பாத்தி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் கேட்டார்: "டாரதி, இதுல வட்டமா வராதா?"

டையின் மூலைகளிலிருந்து மாவை ஊசியால் குத்தி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

நவம்பர் 7

நயினார் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

"மருந்தம்மா, ஒரு ஆர்டர் வந்திருக்கு. அறுவது கல்யாண கார்டு. எல்லாம் கையால செஞ்சதா வேணுமாம். ஆனா நீங்க செய்யமாட்டிய."

"ஏன் செய்யமாட்டேன்?"

"யார் வீட்டுக் கல்யாணம்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. கணக்கு டீச்சர் வீடு. மக பெர்சிஸுக்கு டிசம்பர் இருவத்தொம்பது."

கணக்கு டீச்சர் என்றால் ஹெப்சிபா. இரண்டு தெரு தள்ளி வீடு. இருபத்திரண்டு வருஷம் நாங்கள் ஒன்றாகக் கோயிலுக்குப் போனவர்கள், ஒன்றாகக் கேக் சுட்டவர்கள். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. பெர்சிஸுக்கு மாப்பிள்ளை அமைந்ததே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"செய்யுதது நாந்தான்னு அங்க தெரியுமா அண்ணாச்சி?"

"செஞ்சு குடுக்கறவ்வொ பேர நம்ம கடைல யாருகிட்டயும் சொல்லுத வழக்கம் இல்ல." அண்ணாச்சி பசை டப்பாக்களை நேராக அடுக்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

எடுத்துக்கொண்டேன். புது உத்தியைப் பழக அறுபது கார்டு ஒரேயடியாகக் கிடைப்பது அபூர்வம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலில் ஹெப்சி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்கவில்லை. காப்பிக் கலரில் சின்ன புட்டா போட்ட சேலை. காதோரம் நரை கூடியிருக்கிறது. பிரசங்கத்தின்போது நான்கு தடவை இருமினாள், வறட்டு இருமல். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 12

மாதிரிக்கு ஐந்து கார்டு செய்து கொடுத்தேன். நீல மை, வெள்ளைக் கோடு. இவர் பார்த்துவிட்டு, "சப்பாத்தி மெஷின்ல கார்டும் வருமா?" என்றார். வரும் என்றேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது. நல்ல மனுஷர்.

நவம்பர் 14

ஐந்தும் திரும்பி வந்துவிட்டன. கூடவே ஒரு சின்னச் சீட்டு, டைப் செய்தது.

"காலைச் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தோம். நிறம் பிடிக்கவில்லை."

காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்று யார் கேட்டது? ஹெப்சி எப்போதுமே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விடை சரியாக இருந்தாலும் படி எழுதவில்லை என்று மதிப்பெண் குறைப்பவள்.

நவம்பர் 18

பிஞ்சு ஆரஞ்சு நிறத்தில் ஐந்து கொடுத்தேன். பஞ்சை ஒரே இடத்தில் அழுத்தாமல், அட்டைக்கு வெளியிலிருந்தே வட்டமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும். அப்போதுதான் திட்டு விழாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது அட்டை செலவாயிற்று.

ஹெப்சிக்கு ஆரஞ்சு பிடிக்கும்.

நவம்பர் 20

திரும்பி வந்தது.

"மதியச் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தோம். பரவாயில்லை. ஆனால் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தின் நிறம்."

அண்ணாச்சி சீட்டைக் கொடுத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர் வேற என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"நான் மொகத்தப் பாக்கலியே மருந்தம்மா."

வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கை தானாகச் சிவப்பு மையையும் வெள்ளை மையையும் எடுத்துக் கலந்தது. அந்தக் காய்ச்சல் மருந்தின் நிறம் எனக்குத் தெரியாதா? ஒரு ஆயுசு முழுக்க ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

இனி மாதிரியெல்லாம் கிடையாது. அறுபதையும் செய்து மொத்தமாக அனுப்பப்போகிறேன். பிடிக்காவிட்டால் அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

நவம்பர் 24

அறுபதும் போய்விட்டது. தோள்பட்டை கழன்றுவிட்டது. இவர் தைலம் தேய்த்துவிட்டார். தைல பாட்டிலிலும் இளஞ்சிவப்பு விரல் தடம்.

நவம்பர் 26

அறுபதும் திரும்பி வந்துவிட்டது.

"இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தோம். மிக நன்று. ஆனால் ஒரே ஒரு கார்டில் மட்டும் வெள்ளைக் கோடு கலங்கியிருக்கிறது. எது என்று கண்டுபிடித்து மாற்றித் தரவும்."

மேஜை முழுக்கப் பரப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இதழாக. இரண்டு சுற்று. இவரும் ஒரு சுற்று பார்த்தார். எதிலும் கலங்கல் இல்லை. கோபத்தில் மூன்று சீட்டையும் கிழிக்கலாம் என்று சேர்த்து எடுத்தேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின். மதியச் சாப்பாட்டுக்குப் பின். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்.

உட்கார்ந்துவிட்டேன். மருந்துக் கவரில் நான் ஆயிரக்கணக்கான தடவை எழுதிய வரிகள்.

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்போல. இரண்டு வருஷம் முன்னால் பெர்சிஸைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. ஹெப்சி என்னையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டிருந்தாள். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றபோது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்களாமே, பொண்ணு எப்படி என்று கேட்டாள். "தங்கமான பொண்ணு. மூணு வேளையும் மாத்திரையைப் போட்டுட்டா ஒரு தொந்தரவும் கிடையாது" என்றேன். சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர்கள் பஜ்ஜியை முடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் தரகர் வழியாக, வேண்டாம் என்று செய்தி வந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பதும் தரகர் வழியாகவே வந்தது.

தமாஷுக்குச் சொன்னேன் என்று ஹெப்சியிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். இவ்வளவுதான் நடந்தது.

நவம்பர் 27

ஹெப்சிக்கு இத்தனை குறும்பு வரும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை.

அறுபது கார்டையும் அப்படியே, ஒன்றைக்கூட மாற்றாமல் கட்டினேன். பழைய மருந்துக் கவர் ஒன்றை எடுத்து, "மூன்று வேளையும் சாப்பிட்டாயிற்று. கசப்புதான். நோயாளி தேறி வருகிறாள்" என்று எழுதி மேலே வைத்தேன். அண்ணாச்சி அதைப் படிக்கவில்லை என்று சொன்னார். சொல்லும்போது கவர் அவர் கையில் எழுத்துப் பக்கம் மேலாக இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த பிறகும் தேடிக்கொண்டிருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் ஹெப்சி நாலு பேரிடம் கார்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பூவச் சுத்தி இந்தக் கோட்டப் பாருங்க. அச்சுல போட்டா இப்படி வராது. அண்ணாச்சி யாரோ மதுரைல ஆள் வச்சிருக்காராம். அந்தக் கைக்கு ஒரு மோதிரம் போடணும்."

மதுரையிலாம்.

வீடு வரும் வரை யோசித்தேன். ஹெப்சிக்கு நடிக்கத் தெரியாது. ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஆடாக நின்றபோதே சிரித்துவிட்டவள். யார் செய்தது என்று உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அந்த மூன்று வேளையும் எழுதியது யார்?

டிசம்பர் 2

அண்ணாச்சி கடைக்குப் போனபோது உள்ளே பெர்சிஸ் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் மெலிந்திருக்கிறாள். திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"சித்தி, கலங்கின கார்டு கெடச்சுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீதானா?"

"மூணு வேளையும் நாந்தான். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா அறுவதயும் கிழிச்சிருவா."

நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"அந்த ஆறு மாசம் நான் தெருவுல தல நிமிந்து நடக்கல சித்தி. தலவலிக்கு மாத்திர வாங்கப் போனாக்கூட கடக்காரன் ஒரு மாதிரி பாத்தான். ஆபீஸ்ல ஒருத்தி, ஒனக்கு என்ன சீக்குன்னு நேராவே கேட்டா. இப்ப மாப்ள கிளாட்வின் வீட்டுல இருந்து பேச வந்தப்பகூட அவ்வொகிட்ட மொதல்ல நான் சொன்னது, எனக்கு ஒரு வியாதியும் இல்லன்னுதான்."

நல்லவேளை அந்த இடம் முடியவில்லை, இதைவிட நல்ல இடம் அமைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அது. விழுங்கிவிட்டேன்.

"மன்னிச்சிரு பெர்சிஸ்" என்றேன். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது. அண்ணாச்சி காது கேளாதவர் மாதிரி பேனாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரி" என்றாள். "ஆனா அம்மாகிட்ட நீங்களேதான் சொல்லணும். நான் நடுவுல வரமாட்டேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஆர்டர் குடுத்தே?"

"இந்த ஊர்ல இவ்ளோ நல்லா வேற யாரு செய்யுதா? அதுக்குத்தான்."

அவள் போன பின் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தேன். "கடைன்னா நாலு பேரு வருவாங்க, போவாங்க மருந்தம்மா" என்றார்.

டிசம்பர் 3

மழை. போகவில்லை.

டிசம்பர் 4

மழை இல்லை. போகவில்லை.

டிசம்பர் 5

போனேன். வழியெல்லாம் ஒரு நல்ல முதல் வரி தயார் செய்தேன். அவளே சிரித்துவிடுகிற மாதிரி. ஹெப்சி வீட்டில் கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் கவர்களை அடுக்கி வைத்து முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். தயார் செய்த வரி மறந்துவிட்டது.

"ஹெப்சி, அந்தக் கார்டெல்லாம் நான் செஞ்சது."

பின்கோடு எழுதி முடித்து, கவருக்குள் வைக்க ஒரு கார்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். "எந்தக் கார்டு?"

"ஒன் கையில இருக்கது."

கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கார்டைப் பார்த்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்த வெள்ளக் கோடு?"

"நாந்தான்."

"மெஷினா?"

"வெட்டுதது மெஷின். மை நான் போடுதேன்."

"நல்லாருக்கு," என்றாள். "நீதான் நல்லால்ல."

"ஆமா" என்றேன். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்பதை அப்படியே எழுதி வைக்கிறேன். மறந்துவிட்டதாக நாளை நானே சொல்லுவேன். "தமாஷுக்குச் சொன்னேன்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷத்த ஓட்டிட்டேன். தமாஷுக்கு இல்ல ஹெப்சி. அன்னைக்கு வீடு நெறய ஆளு. எல்லாரும் ஒன்னையும் பெர்சிஸையுமே பாத்தாவ. நான் பஜ்ஜித் தட்டோட நின்னேன். எனக்குப் புள்ள இல்ல. பொண்ணு பாக்க எங்க வீட்டுக்கு யாரும் வரப்போறதில்ல. எல்லாரும் ஒரு நிமிஷம் என்னயும் பாக்கணும்னு தோணிச்சு. அதுக்குத்தான் சொன்னேன்."

இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை.

ஹெப்சி பேனா மூடியைத் தேடினாள். பேனாவின் பின்னால்தான் இருந்தது. "சரி, போய்ட்டு வா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

கேட்டைத் திறந்து தெருவில் கால் வைத்துவிட்டேன்.

"ஏட்டி."

நின்றேன்.

"அறுவது பத்தாது. மாப்ள வீட்டு ஆளுவள எண்ண மறந்துட்டேன். இன்னும் பதினஞ்சு வேணும்."

"ரெண்டு நாள்ல தாரேன்."

"ஒன் வீட்டுல வேண்டாம். மெஷினத் தூக்கிட்டு இங்க வா. என் கண்ணு முன்னாடி செய்யணும். ஒன்ன நம்ப முடியாது."

முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் பதினைந்து பேரை எண்ண மறந்திருக்கிறாள். நம்புகிறேன்.

டிசம்பர் 8

மெஷினை இவருடைய ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப்போனோம். "சப்பாத்தியா போடப் போறிய?" என்று ஹெப்சி கேட்டாள். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அட்டையையும் டையையும் அடுக்கிக் கொடுத்தேன். அவள் கைப்பிடியைச் சுற்றினாள். மிகவும் வேகமாகச் சுற்றுகிறாள். மெதுவாக என்று சொல்லலாம். சொல்லவில்லை. எட்டாவது கார்டில், "தள்ளு, நான் மை போடுதேன்" என்று பஞ்சைப் பிடுங்கினாள். நடுவிலிருந்து ஆரம்பிக்காதே, வெளியிலிருந்து வா என்றேன். நடுவிலிருந்துதான் ஆரம்பித்தாள். கேட்கிற ஜாதியா அது. பஞ்சை அழுத்தினாள், டை நகர்ந்துவிட்டது, வெள்ளைக் கோடு இருந்த இடமெல்லாம் சிவப்பு. பிச்சிப்பூ அம்மை கண்டதுபோல் இருந்தது.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரி," என்றாள். "அடக்கி வச்சு என்ன செய்யப் போற?"

சிரித்தேன். அவளும். பெர்சிஸ் ஆபீஸிலிருந்து வந்து வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பி போட உள்ளே போனாள்.

கெட்டுப்போன அந்தக் கார்டைக் குப்பையில் போட எடுத்தேன். ஹெப்சி கொடுக்கவில்லை. கவருக்குள் போட்டு, எனக்குத் தெரியாமல் மறைத்து முகவரி எழுதி, வரும்போது கையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரில் தொடங்கிச் சத்தமாக வாசித்தார்: "திரு. மோசஸ் அவர்கள் மற்றும் ஒருவர்."

பிறகு என்னைப் பார்த்தார். "இந்த மற்றும் ஒருவர் யாரு?"

தெரியவில்லை என்றேன்.

டிசம்பர் 9

நல்ல வெயில். மற்றும் ஒருவர் காலையிலேயே பட்டுச்சேலையை எடுத்து மாடிக்கொடியில் காயப்போட்டுவிட்டாள்.